காத்திருந்தால் ஆறிவிடாத கழிவு

2022 ஜூலை 17 அன்று இங்கிலாந்தின் வடமேற்குக் கடலோரத்தில் செல்லஃபீல்டில் இருந்த மேக்னாக்ஸ் மறுசுத்திகரிப்பு ஆலை நிறுத்தப்பட்டது. 1964-இல் ஓடத் தொடங்கிய ஆலை அது. 58 ஆண்டுகளில் சுமார் 55,000 டன் எரிந்த அணு எரிபொருளைக் கரைத்து, யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுத்திருக்கிறது. அதே வளாகத்தில் இருந்த தோர்ப் என்ற இன்னொரு ஆலை 2018 நவம்பரிலேயே நின்றுபோனது. அதுவும் 9,000 டன்னுக்கு மேல் எரிபொருளைக் கையாண்ட ஆலை. இந்த இரண்டும் நின்றதோடு பிரிட்டனில் அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு முடிவுக்கு வந்தது.

நின்றது உற்பத்திதான். அந்த வளாகத்தைத் துப்புரவு செய்து முடிக்க 2125 ஆகும், 136 பில்லியன் பவுண்டு செலவாகும் என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2024-இல் சொன்னது. இன்றைக்குப் பிறக்கும் குழந்தையின் பேரப்பிள்ளைகள் வேலைக்குப் போகும் காலம் வரை நீளும் திட்டம் அது.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அறிவியல் தெரிந்த நண்பர்களே ஒரு கேள்வி கேட்கிறார்கள். கதிரியக்கம் தானாகக் குறையும் பொருள்தானே, ஏன் இத்தனை அவசரம்? பூட்டிவிட்டு ஐம்பது நூறு வருடம் விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடாதா? நியாயமான கேள்வி. அணுஉலைகளைப் பொறுத்தவரை அதற்குப் பதில் பெரும்பாலும் "ஆமாம்" என்பதே. மறுசுத்திகரிப்பு ஆலைக்கு அந்தப் பதில் பொருந்தாது. இந்த வேறுபாடு பலருக்கும் தெரியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அணுஉலையைப் பார்ப்போம். மூடிய உலையிலிருந்து எரிபொருளை எடுத்துவிட்டால், மிச்சமிருக்கும் கதிரியக்கத்தின் பெரும்பகுதி எஃகிலும் கான்கிரீட்டிலும் ஊறிப்போய் இருக்கும். அது உலோகத்துக்குள்ளேயே இருக்கிறது, ஒழுகாது, பறக்காது. அருகில் வேலை செய்பவர்களுக்கு அதிகம் தொல்லை தருவது கோபால்ட்-60. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 5.3 ஆண்டு. ஐம்பது ஆண்டு பொறுத்தால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சும். ஆகவே பூட்டி வைத்துக் காத்திருப்பது அங்கே புத்திசாலித்தனம்.

மறுசுத்திகரிப்பு ஆலையின் கதை வேறு. அங்கே எரிபொருள் கோல்களை வெட்டி, கொதிக்கும் நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். பிறகு மண்ணெண்ணெய் போன்ற ஒரு கரைப்பானில் கலந்த டிரைபியூட்டைல் பாஸ்பேட் என்ற வேதிப்பொருள் அந்த அமிலத்திலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சீசியம், ஸ்ட்ரான்சியம் உள்ளிட்ட மற்றவை பெரும்பாலும் அமிலத்திலேயே தங்கிவிடுகின்றன. அதாவது, திடப்பொருளாக ஓர் உலோகக் குழாய்க்குள் அடங்கிக் கிடந்த கதிரியக்கத்தை இந்த ஆலை திரவமாக்கி, கிலோமீட்டர் கணக்கில் நீளும் குழாய்களுக்குள் ஓட விடுகிறது. ஆலை நின்ற நாளில் அது எல்லா இடத்திலும் இருக்கும்: தொட்டிகளின் அடியில் படிவாக, வளைவுகளில் கசடாக, பற்றவைப்புகளின் ஓரத்தில் உப்பாக, கசிந்த இடங்களில் தரையில்.

இதில் சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 இரண்டுக்கும் அரை ஆயுள் ஏறக்குறைய முப்பது ஆண்டு. நூறு ஆண்டு காத்திருந்தாலும் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். புளூட்டோனியம்-239-க்கு 24,000 ஆண்டுகளுக்கு மேல். அதற்கு நூறு ஆண்டு ஒரு கணக்கே இல்லை. இன்னொன்று உண்டு, அது காத்திருக்கச் சொல்லும் வாதத்தையே தலைகீழாக்குகிறது. உலையிலிருந்து வரும் புளூட்டோனியத்தில் புளூட்டோனியம்-241 என்ற ஒரு வகையும் கலந்திருக்கும். அதன் அரை ஆயுள் 14 ஆண்டு சொச்சம். அது சிதைந்தால் அமெரிசியம்-241 ஆகிறது. இந்த அமெரிசியம் உடலை ஊடுருவும் காமா கதிரையும் உமிழும், 432 ஆண்டு அரை ஆயுளும் கொண்டது. ஆகவே புளூட்டோனியம் படிந்த குழாயும் அறையும் முதல் சில பத்தாண்டுகளில் கையாள எளிதாவதில்லை, கடினமாகிக்கொண்டே போகின்றன. காலம் அங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

கட்டடங்களும் அப்படித்தான். கதிரியக்கம் பாதியாகக் குறைய முப்பது ஆண்டு என்றால், அதே முப்பது ஆண்டில் கான்கிரீட் விரிசல் விடும், எஃகு அரிக்கும், கிரேன்களுக்கு உதிரிபாகம் செய்த நிறுவனம் மூடப்படும். எது முந்துகிறது என்பதே கேள்வி.

செல்லஃபீல்டில் எது முந்தியது என்பதற்கு இரண்டு சைலோக்கள், அதாவது குதிர் போன்ற கழிவுக் கிடங்குகள், சாட்சி. 1950-களின் தொடக்கத்தில் கட்டிய ஒன்றுக்குக் கனடாவின் தானியக் குதிர்களின் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். எரிபொருள் கோல்களிலிருந்து உரித்த உலோக உறைகளை மேலிருந்து கொட்டினார்கள். ஆறு அறைகள். நிரப்புவதற்கு வழி இருந்தது, காலி செய்வதற்கு எந்த வழியும் வடிவமைப்பில் இல்லை. தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் உள்ளே ஆர்கான் வாயுவை நிரப்பி வைத்திருக்கிறார்கள். சுவரில் துளைபோட்டுக் கதவு பொருத்தி, நீண்ட கையுடைய இயந்திரத்தை உள்ளே விட்டு, முதல் பிடி கழிவை வெளியே எடுத்தது 2023-இல். கொட்டி முடித்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

இன்னொன்று மேக்னாக்ஸ் துருவல் சேமிப்பு சைலோ. மேக்னாக்ஸ் என்பது எரிபொருளைச் சுற்றியிருந்த மக்னீசியக் கலப்புலோக உறை. அதை உரித்தெடுத்த துருவல்களை நீருக்கடியில் வைத்தார்கள், காய்ந்த மக்னீசியம் எளிதில் எரியும் என்பதால். ஆனால் மக்னீசியம் நீரில் அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். ஆகவே இருபத்திரண்டு அறைகளில் துருவலும் சேறும் நீரும் கலந்து கிடக்க, மேலே சேரும் ஹைட்ரஜனை இடைவிடாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. இதன் பழைய பகுதி 1970-களில் நிலத்துக்குள் கசிந்தது, பிறகு அடங்கியது. 2018-19 வாக்கில் மறுபடி தொடங்கியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் மண்ணுக்குள் இறங்குகிறது. விரிசல் தரைமட்டத்துக்குக் கீழே, மனிதர் நெருங்க முடியாத இடத்தில் இருக்கிறது. அதை அடைக்கப் போக வழியில்லை. ஒரே மருந்து உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. ஒவ்வொன்றும் 360 டன் எடையுள்ள இயந்திரங்களைச் சைலோவின் தலைமேல் நிறுத்தி, 2022-இல்தான் அந்த வேலை தொடங்கியது. முடிய 2050-கள் ஆகிவிடும்.

இந்த சைலோக்களைக் கட்டியவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க எனக்கு மனமில்லை. போர் முடிந்த காலத்தில், அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் வேண்டும் என்ற நெருக்கடியில், கழிவு என்பது பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயமாக இருந்தது. ஆனால் அந்தப் "பிறகு" என்ற சொல்லின் விலையை இப்போது தெளிவாகப் பார்த்துவிட்டோம். பார்த்த பின்பும் புதிதாக மூடப்படும் ஆலைகளில் அதே சொல்லைச் சொன்னால் அதற்கு மன்னிப்பு கிடையாது.

சரி, அப்படியானால் ஆலை நின்ற மறுநாள் என்ன செய்யவேண்டும்? இந்தத் துறையில் உள்ளவர்கள் சொல்லும் பதில் எளிமையானது: கழுவ வேண்டும். ஆலை ஓடியபோது பயன்பட்ட அதே பம்புகள், அதே குழாய்கள், அதே ஆட்களைக் கொண்டு, எல்லாம் இயங்கும் நிலையில் இருக்கும்போதே உள்ளே தங்கியிருப்பதை அமிலம் விட்டு அலசி எடுத்துவிட வேண்டும். கட்டடத்தை இடிப்பதெல்லாம் அப்புறம். இடிப்பதுதான் படத்தில் நன்றாக இருக்கும், செய்தித்தாளில் வரும். அலசுவது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அபாயத்தின் பெரும்பங்கை எடுத்துவிடுவது அதுதான்.

அதிலும் சிக்கல்கள் உண்டு. அலசும் ஒவ்வொரு லிட்டர் அமிலமும் புதிய கழிவு. அதை ஆவியாக்கிச் சுருக்க வேண்டும், சுருக்கியதைக் கண்ணாடியாக்க வேண்டும். மிக வீரியமான திரவக் கழிவை உலர்த்தி, போரோசிலிக்கேட் கண்ணாடியோடு சேர்த்து 1,100 டிகிரி வெப்பத்தில் உருக்கி, ஆள் மார்பளவு உயரமுள்ள எஃகுக் கலங்களில் ஊற்றுகிறார்கள். செல்லஃபீல்டில் 1990-களின் தொடக்கத்திலிருந்து இது நடக்கிறது. ஆலை ஓடும்போது வரும் திரவத்தின் சேர்மானம் ஓரளவு சீராக இருக்கும், அதற்கேற்ற கண்ணாடிப் பக்குவமும் கைவசம் இருக்கும். தொட்டியின் அடியிலிருந்து சுரண்டி வரும் படிவு அப்படியில்லை. அதில் மாலிப்டினமும் சிர்க்கோனியமும் மிகுதி. மாலிப்டினம் இந்தக் கண்ணாடியில் அதிகம் கரையாது. அளவு மீறினால் மஞ்சள் நிறத்தில் தனியாகப் பிரிந்து நிற்கும், அந்த மஞ்சள் பகுதி நீரில் கரையக்கூடியது, சீசியத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். பல்லாயிரம் ஆண்டு கரையாமல் இருக்கவேண்டிய கண்ணாடிக்குள் கரையும் ஒரு பகுதி இருந்தால் மொத்தப் பயனும் போச்சு. இதற்காகவே கால்சியமும் துத்தநாகமும் சேர்த்த வேறு பக்குவக் கண்ணாடியை உருவாக்க வேண்டியிருந்தது. தொட்டியின் கடைசிச் சில அங்குலம்தான் எப்போதும் மிகக் கடினமான பகுதி.

வரிசையும் முக்கியம். கரைக்கும் ஆலையை நிறுத்தலாம், ஆனால் ஆவியாக்கும் ஆலை ஓடவேண்டும். அதை நிறுத்தலாம், ஆனால் கண்ணாடி ஆலை ஓடவேண்டும். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆலை எல்லாவற்றுக்கும் கடைசி வரை ஓடவேண்டும். செலவைக் குறைக்கிறேன் என்று வரிசையின் நடுவில் ஒன்றை முன்கூட்டியே மூடினால், அதற்கு முன்னால் உள்ள அத்தனை கழிவும் போக்கிடம் இல்லாமல் நின்றுவிடும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகருக்குத் தெற்கே உள்ள வெஸ்ட் வேலி இதற்குக் கசப்பான பாடம். ஒரு தனியார் நிறுவனம் 1966-இல் ஆலையைத் தொடங்கியது. 1972-இல் விரிவாக்கப் பணிக்காக நிறுத்தியது. 1976-இல் இந்தத் தொழிலே வேண்டாம் என்று விலகிவிட்டது. ஓடியது மொத்தம் ஆறே ஆண்டு, கையாண்டது சுமார் 640 டன். விட்டுச்சென்றது நிலத்தடித் தொட்டிகளில் 6 லட்சம் கேலன், அதாவது 22 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட வீரியத் திரவக் கழிவு.

அந்தத் தொட்டிகள் சாதாரண கார்பன் எஃகால் ஆனவை. அமிலம் அவற்றை அரித்துவிடும் என்பதால் காரம் சேர்த்துச் சமன்படுத்தி ஊற்றியிருந்தார்கள். அன்றைக்கு அது மலிவான வழி. ஆனால் காரம் சேர்த்ததும் ஸ்ட்ரான்சியமும் மற்ற பல தனிமங்களும் சேறாகி அடியில் உறைந்துவிட்டன, சீசியம் மேல்நீரில் நின்றது. ஒரே திரவமாக இருந்திருக்கவேண்டியது இரண்டு வகைக் கழிவாகப் பிரிந்துபோனது. 1980-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, 90 சதவீதச் செலவை மத்திய அரசும் 10 சதவீதத்தை மாநிலமும் ஏற்கச் செய்தது. மேல்நீரிலிருந்து சியோலைட் என்ற, இத்தகைய தனிமங்களைப் பிடித்துவைக்கும் கனிமத்தைக் கொண்டு சீசியத்தைப் பிரித்து, மிச்சத்தைச் சிமெண்டோடு குழைத்து ஏறத்தாழ 20,000 பீப்பாய்களில் அடைத்தார்கள். அடிச்சேற்றைக் கழுவி, கண்ணாடியாக்கும் வேலை 1996-இல் தொடங்கி 2002-இல் முடிந்தது. 275 கலங்கள். ஆலை நின்ற நாளிலிருந்து கடைசிக் கலம் வரை முப்பது ஆண்டு. பிரதான கட்டடத்தை இடிக்கத் தொடங்கியது 2022-இல். ஆறு ஆண்டு வேலைக்கு ஐம்பது ஆண்டுக்கும் மேலான பின்வேலை.

அதோடு அந்த ஐம்பது ஆண்டும் நிலம் சும்மா இருக்கவில்லை. ஆலை ஓடிய காலத்தில் கசிந்த ஸ்ட்ரான்சியம்-90 நிலத்தடி நீரோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. 2010-இல் அதன் வழியில் பள்ளம் வெட்டி, சியோலைட்டை நிரப்பி ஒரு நீண்ட நிலத்தடிச் சுவரை அமைத்தார்கள். நீர் கடந்துபோகும், ஸ்ட்ரான்சியம் சிக்கிக்கொள்ளும். நல்ல பொறியியல்தான். ஆனால் தரைக்குள் போய்விட்ட ஒன்றைத் துரத்திப் பிடிப்பதற்கு ஆகும் உழைப்பை, குழாய்க்குள் இருக்கும்போதே அதை எடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மனம் கனக்கிறது.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆலை அளவில் சிறியது. 1971 முதல் 1990 வரை சுமார் 208 டன். மிஞ்சியது வெறும் 60 கன மீட்டர் வீரியத் திரவம். அதற்கென்றே ஒரு கண்ணாடி ஆலையைக் கட்டி, 2009-10-இல் ஓராண்டுக்குச் சற்று மேல் ஓட்டி, 140 கலங்களில் அடைத்து, 2011-இல் லுப்மின் சேமிப்பகத்துக்கு அனுப்பினார்கள். ஆனால் இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டும் அந்த 60 கன மீட்டரைக் காவல் காத்து, குளிரவைத்துக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் கண்ணாடி ஆலையே கதிரியக்கக் கட்டடமாகிப் பிரித்தெடுக்கவேண்டிய பட்டியலில் சேர்ந்துகொண்டது. ஜப்பானின் டோக்காய் ஆலையை மூடுவது என்று 2014-இல் முடிவெடுத்தார்கள். அதன் திட்டம் எழுபது ஆண்டு நீளம். அங்கும் முதல் கவலை தொட்டிகளில் இருக்கும் திரவம்தான். 2011 பேரலைக்குப் பிறகு கடலோரத்தில் திரவக் கழிவை வைத்திருப்பது எப்படிப்பட்ட அபாயம் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்காக, அவசரப்பட்டு எதையாவது செய்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவசரத்துக்கும் விலை உண்டு. செல்லஃபீல்டில் பழைய தொட்டிகளில் தேங்கிய நடுத்தர வீரியத் திரவத்தை 1994 முதல் ஒரு புதிய ஆலையில் சுத்தம் செய்து கடலில் விட்டார்கள். அது புளூட்டோனியம், அமெரிசியம் போன்றவற்றை நன்றாகப் பிடித்தது, டெக்னீசியம்-99-ஐப் பிடிக்கவில்லை. அரை ஆயுள் இரண்டு லட்சம் ஆண்டுக்கு மேல் உள்ள பொருள். அது ஐரிஷ் கடலின் சிங்கி இறால்களில் சேர்ந்தது, நார்வே கரையோரப் பாசிகளிலும் தென்பட்டது. அயர்லாந்தும் நார்வேயும் கடுமையாக எதிர்த்தன. பத்தாண்டு கழித்து, டெக்னீசியத்தைப் படியவைக்கும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தும், புதிதாக வரும் திரவத்தைக் கண்ணாடி ஆலைப் பக்கம் திருப்பியும் அதைக் குறைத்தார்கள். தொட்டி காலியானால் போதாது. அதில் இருந்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

மனிதர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 2005-இல் தோர்ப் ஆலையில், ஆள் நுழையவே முடியாத ஓர் அறைக்குள் ஒரு குழாய் உலோகச் சோர்வால் உடைந்து, எரிபொருள் கரைந்த அமிலம் 83,000 லிட்டர் தரையில் தேங்கிக் கிடப்பது தெரியவந்தது. பல மாதங்களாக ஒழுகியிருக்கிறது. கீழே இருந்த எஃகுத் தளம் தாங்கிக்கொண்டதால் வெளியே வரவில்லை. உள்ளே போன யுரேனியத்துக்கும் வெளியே வந்ததற்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை என்பதைத் தொடர்ந்துதான் கேமராவை விட்டுத் தேடினார்கள். ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படி. ஓட்டம் நின்று, கணக்குப் பார்ப்பதற்கே காரணம் இல்லாமல் போன ஓர் அறையில் என்ன நடக்கிறது என்று யார் கவனிப்பார்கள்?

எந்தக் குழாய் எந்த ஆண்டு மாற்றப்பட்டது, எந்த வால்வு வரைபடத்தில் ஒரு மாதிரியும் நிஜத்தில் வேறு மாதிரியும் இருக்கிறது, எந்தத் தொட்டியில் ஒருமுறை எதையோ தவறுதலாக ஊற்றினார்கள் என்பதெல்லாம் ஆலையை ஓட்டியவர்களின் தலைக்குள் இருக்கிறது. அதில் பாதி எந்த ஏட்டிலும் ஏறியிருக்காது. ஐம்பது ஆண்டு காத்திருந்தால் சீசியம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும், இவர்களில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். எனக்கு இதுதான் காத்திருப்பதற்கு எதிரான மிக வலுவான காரணம். ஓய்வுபெறப் போகும் ஆபரேட்டரை உட்காரவைத்துப் பேசவைத்துப் பதிவு செய்வதற்கு ஆகும் செலவு, 360 டன் இயந்திரத்தின் ஒரு கைக்கு ஆகும் செலவுகூட இருக்காது.

கண்ணாடிக் கலங்களுக்கும் இன்னும் கடைசி வீடு கிடைக்கவில்லை. வெஸ்ட் வேலியின் கலங்கள் கான்கிரீட் உறைகளுக்குள் திறந்தவெளித் தளத்தில் நிற்கின்றன. பிரிட்டனின் ஆழ்நிலச் சேமிப்பகம் 2050-களுக்கு முன் திறக்காது. 140 டன் அளவுள்ள புளூட்டோனியத்தை எரிபொருளாக்கப் போவதில்லை, அசையாத திடப்பொருளாக மாற்றிப் புதைப்போம் என்று 2025 ஜனவரியில்தான் அந்த அரசு முடிவெடுத்தது. பிரித்தெடுப்பதற்காகவே ஆலை கட்டி, பிரித்தெடுத்ததை மறுபடி கழிவாக ஏற்றுக்கொண்ட முடிவு. சரியான முடிவு என்றே நினைக்கிறேன், ஆனால் அது முப்பது ஆண்டுக்கு முன் வந்திருக்கவேண்டும்.

இத்தனைக்கும் பணம் ஆண்டுக்கு ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில்தான் ஒதுக்கப்படுகிறது. பணம் எப்போதும் போதாது. அப்போது எதைத் தள்ளிப்போடலாம் என்று கேட்டால் என் பதில் இது: அலசி முடித்துக் காலியான கட்டடங்கள் நிற்கட்டும். கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நாற்பது ஆண்டு நின்றாலும் பாதகமில்லை. இடிப்புப் படங்கள் அடுத்த தலைமுறைக்கு இருக்கட்டும். திரவம் உள்ள தொட்டிக்கும், கசியும் சைலோவுக்கும், கண்ணாடி ஆலையை ஓட்டும் ஆட்களின் சம்பளத்துக்கும் போகும் தொகையில் மட்டும் ஓர் ஆண்டுகூடக் கைவைக்கக் கூடாது.